நாற்பதில் கைமாறும் மடைக்கோல்

மழை பொழிக. சேந்தன்குன்ற நாட்டுக் கார்முகில் ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கு மண்டபத்தில், எம் மகன் எழினியின் வழக்கு நாளன்று இருந்தோர்: களஞ்சிய அதிகாரி தாமன் கண்டர், அரண்மனை வைத்தியர் அமுதனார், மடைக்குடித் தலைவர் ஐவர், எம் மருமகள் நக்கை, கட்டிலில் கிடத்திக் கொணரப்பட்ட எழினி, இவ்வோலையை எழுதும் கணக்கன் பூவன். தூண் பக்கம் ஒருவர் இருமினார். அவர் வாய் திறவாமையால் இன்னாரென அறியோம்.

கோல் கோடாத சேந்தர் கோமானின் முதலமைச்சர், நால்வகை நிலமும் வாழ்த்தும் மாநாகனார் திருமுன்பு, அவ்வேரியின் மடை காத்த வேளாதன் எழுதுவித்தது. தங்கள் குடியும் கொற்றமும் நீடு வாழ்க.

நீரில் மூழ்கி மடை திறப்போர் அறுவடைதோறும் ஊனக்களஞ்சியத்துக்கு நெல் அளப்பதும், அவருள் உறுப்பிழந்தவன் வீட்டுக்கு உயிருள்ளவரை அரிசி வருவதும் தாங்கள் வகுத்த முறை. எழினி பதினோராண்டு அளந்தான். சென்ற கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கியவன்மேல் மதகுக்கல் சரிந்து இரு கால்களும் நசுங்கின.

வைத்தியர் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை அவன் கண்ணருகே பிடித்தார் என்றாள் நக்கை. பின் எம் குடிவழியைக் கேட்டார். நாற்பது வயது நிறைந்ததும் தந்தை மடைக்கோலை மகனிடம் கொடுத்து விலகுவது எம் வழக்கம். பெருந்தன்மை என்று ஊர் அதைப் புகழ்ந்தது. நாற்பதில் கண் இருளும் நோய் எம் குருதியில் ஓடுவதே காரணம் என்றும், எழினிக்கும் அது வரும் என்றும் வைத்தியர் உரைத்தார். களஞ்சியத்தில் சேர்ந்த நாளில் இதை மறைத்தமையால் அரிசி இல்லை என்று தாமன் கண்டர் தீர்ப்பு வாசித்தார். விழுந்த கல் என் கணவர் கண்ணைச் சோதித்துவிட்டா காலில் விழுந்தது என்று நக்கை கேட்டாள். முறை அவ்வாறே என்றார் அதிகாரி. அவள் வயிற்றில் வளரும் பிள்ளையையும் பிற்காலத்தில் சேர்க்கலாகாது என்று அப்போதே சொல்லி எழுதுவித்தார்.

வைத்தியர் சொன்ன நோய் மெய். எம் பாட்டனாரும் தந்தையாரும் கண்ணிழந்து உள்ளறையிலேயே இறந்தனர். நோயுள்ள குடிக்குப் பெண்ணும் கொடார், மடையும் கொடார் என்று அஞ்சி, யாத்திரை போயினர் என்றோம். பின் பிறந்த எழினிக்கும் அதையே சொல்லி வளர்த்தோம். நோயில்லை என்று அவன் சொன்னது, சேர்ந்த நாளில் அவன் அறிந்த உண்மை. பொய் எம்முடையது.

யாம் இரக்கவில்லை. அளந்த நெல்லுக்கு உரியதைக் கேட்கிறோம். அரிசி வாராவிடில், அடுத்த வெள்ளத்தில் மடை திறக்கத் தானே மூழ்குவதாக நக்கை சொல்கிறாள், சொன்னதைச் செய்பவள். மறைத்த குற்றத்துக்கு, மடை காத்தமைக்காக எமக்களித்த பட்டத்தைப் பறிக்க. கலிங்குக் கல்லில் வெட்டிய எம் பெயரைச் செதுக்கி நீக்குக. அவன் அரிசியை நிறுத்தற்க.

எம் குடியினர்க்கு ஆணை: இந்நோயை இனி எவரிடமும் மறைக்கலாகாது, பெண் கேட்டு வருவோரிடம் முதலில் அதையே சொல்க. இதற்குச் சான்றாக எம் கயல் முத்திரை பதித்தோம்.

இன்னும் ஒன்று. தாமன் கண்டர் நீட்டிய தீர்ப்போலையைச் செருக்கினால் கைநீட்டி வாங்காது நின்றோம் என்று கடைவீதியில் பேசுகின்றனர். அது பொய். அவர் நீட்டியதை யாம் காணவில்லை.