கிறுகாமல் நடப்பது

ஜனவரி 20, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். குடை ஒன்று, ஆட்கள் இரண்டு. வாழைச்சேனையிலிருந்து டவுனுக்கு பஸ், முழுக்க நின்றபடி.

கிளினிக்கில் நம்பர் வர மதியமாகிவிட்டது. அம்மாவின் வலது கால், கடைசி இரண்டு விரல்கள். பொங்கல் பானை வாங்கப் போன இடத்தில் எதையோ மிதித்தது. சீனி வருத்தத்தில் கால் மரத்திருந்ததால் மிதித்ததே தெரியவில்லை. இப்போது இரண்டும் கறுப்பு.

டொக்டர் இளம் ஆள், அமைதியான பேச்சு. இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டும், இன்றைக்கே வார்ட்டில் நில்லுங்கள் என்றார். அம்மா காலைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார்.

"ரெண்டு கூடிப்போச்சு, சேர். ஒண்டு எடுங்க."

டொக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் படம் கீறி விளக்கினார். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சந்தையில் ஆள் எவ்வளவு ஏற்றிச் சொல்கிறான் என்று எடை போடும் பார்வை.

அப்படியென்றால் வேண்டாம் என்று எழும்பி நடந்தார், ஒரு செருப்பு கையில். நான் பின்னால் ஓட்டம். டொக்டர் பக்கம் தலையைத் திருப்பப் போனேன்.

"கிறுகிப் பாக்காத புள்ள."

பஸ் வந்தது. அம்மா ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் இல்லை. முகம் றோட்டில், காது ஆஸ்பத்திரி வாசலில். அப்போதுதான் விளங்கியது. கூப்பிடுவார்கள் என்று நிற்கிறார்.

யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி 21, புதன்

வேலைக்குப் போனேன். பாசிக்குடா, ஹோட்டல் ரிசப்ஷன். ஒரு வெள்ளைக்காரர் அறை வாடகையைக் குறைக்கச் சொல்லி நின்றார். அம்மாவோடு பார்த்தால் சின்னப்பிள்ளை. கேட்கும்போதே கண் கடலுக்குப் போய்விட்டது, அறை வேண்டும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. குறைக்கவில்லை.

அம்மாவின் முறை. கோபம் அடங்கட்டும் என்று எழுதுகிறேன்:

– பிடித்ததைத் தொடாதே. பக்கத்தில் இருப்பதைத் தொடு.
– முதலில் சொல்வது ஒருநாளும் உண்மையான விலை இல்லை.
– பாதிக்குக் கேள். வெட்கம் வேண்டாம்.
– நட. கிறுகாதே. கிறுகினால் உனக்கு அது வேணும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.
– கூப்பிடுவான்.

கூப்பிடத்தான் கூப்பிட்டார்கள், எப்போதும். நான் பெரியபிள்ளையானபோது காத்தான்குடியில் என் சாமத்தியச் சாறிக்காகக் கடையைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். நான் அழுதுகொண்டே. கடைக்காரர் சைக்கிளில் வந்து கூப்பிட்டார். அப்பா இல்லாத வீட்டில் என்னை உடுத்தியதும் படிப்பித்ததும் இந்த நடைதான். அது தெரியாமல் இல்லை. ஆனால் டொக்டர் கடைக்காரன் இல்லையே அம்மா.

வேலையால் வந்ததும் இதைச் சொன்னேன். எல்லாரும் ஏற்றித்தான் சொல்வார்களாம். "ஒரு கிழமை போகட்டும். மறுகா பாப்பம், தானா இறங்கும்."

வாங்க வேண்டியது: கட்டுப்போடக் காஸ் துணி, பிளாஸ்டர், அரிசி. எனக்குத் தலையிடிக் குளிசை.

ஜனவரி 23, வெள்ளி

கொஞ்சம் வெயில். உடுப்பு காயவில்லை.

அம்மாவின் கால் கட்டை அவிழ்த்தேன். மூன்றாவது விரலின் அடியும் நிறம் மாறியிருக்கிறது. சொன்னேன். நிழல் என்றார். லைட்டைப் போட்டுக் காட்டினேன். லைட்டின் நிறம் என்றார். கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திக் கேட்டார்கள். பிறகு இருவரும் பிட்டு சாப்பிட்டோம்.

அம்மா செத்துப்போவார் என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 24, சனி

ஓட்டமாவடிச் சந்தை. வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. பாலத்தில் இரண்டு இடத்தில் நின்றார். ஆற்றைப் பார்க்கிறாராம்.

மீன்காரர், அம்மா நானா என்று கூப்பிடும் ஆள். இவரும் அம்மாவும் சண்டை பிடிப்பது நான் பிறக்க முதலே தொடங்கியது. அவர் அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுப்பார், அம்மா மாமாங்கப் பிள்ளையாரை. சுற்றிவர ஆட்கள் நின்று பார்ப்பார்கள். முடிவில் இருவருமே வென்ற முகத்தோடு பிரிவார்கள்.

அம்மா இறாலைத் தொட்டார். அப்படியென்றால் வேண்டியது பக்கத்திலிருந்த ஓரா மீன். ஓராவைச் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். நானா சண்டைக்கு வாயைத் திறந்தவர், காலைக் கண்டார். கட்டுத் துணியில் ஊறியிருந்த நிறத்தைக் கண்டார். மணமும் எட்டியிருக்கும், அந்த மீன் மணத்துக்குள்ளும்.

"சரி அக்கா, கொண்டு போங்க."

உடனே. மேலே ஒரு பிடி இறாலும் போட்டார். அம்மா பையை வாங்காமல் நின்றார்.

"என்ன நானா, ஒண்டும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற அக்கா," என்று தராசைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தோம். மீனை நான்தான் வெட்டினேன். அம்மா சுவரைப் பார்த்துக் கட்டிலில்.

"சாகப் போறவளோட ஆரு புள்ள பேரம் பேசுவான்."

வாங்க, இன்றைக்கே போவோம் என்றேன். செவ்வாய்க் கிளினிக்குக்குப் போகலாம் என்றார். நாளைக்கு என்றேன். இழுத்து இழுத்துத் திங்களில் முடிந்தது. நானும் சம்மதித்தேன்.

ஜனவரி 26, திங்கள்

விடிய முதலே காய்ச்சல், நடுக்கம். ஓட்டோ பிடித்தேன். எவ்வளவு என்று அம்மா கேட்கவில்லை. அதுதான் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது.

அதே டொக்டர். கட்டை அவிழ்த்துவிட்டு நிறைய நேரம் பார்த்தார். பிறகு கணுக்காலுக்கு மேலே கையை வைத்து, இதுவரைக்கும் எடுக்க வேண்டும் என்றார்.

அம்மா எழும்பி இருந்தார். கலைந்த தலையை ஒதுக்கினார்.

"அண்டைக்கு நீங்க சொன்னத்துக்குச் சம்மதம், சேர். ரெண்டையும் எடுங்க."

"இப்ப ஏலாது அம்மா."

"மூண்டு."

இல்லையென்று டொக்டர் தலையை ஆட்டினார்.

"அஞ்சையும் எடுங்க. பாதத்த விட்டுத் தாங்க."

டொக்டர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், வழக்கம்போல. இந்த முறை எடை போட ஒன்றும் கிடைக்கவில்லை போல. கையெழுத்தை அம்மாவே போட்டார், முழுப் பெயரையும்.

வெளியே வந்து ஹோட்டலுக்கு லீவு சொன்னேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. வார்ட் ஜன்னலில் காகம்.

வார்ட்டுக்கு: துவாய், சோப், சுடுதண்ணிப் போத்தல், சீப்பு, செருப்பு ஒரு சோடி. சோடி என்று எழுதியதை வெட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். இனி செருப்புக் கடையில் பாதிக்குக் கேட்கலாம், ஒருத்தனும் மறுத்துப் பேச ஏலாது என்றார். சிரிக்கப் பார்த்தேன். அவருக்குத்தான் முதலில் கண் கலங்கியது.

ட்ரொலி வந்தது. கடைசி வரை நான் போகக்கூடாதாம், சுவரோடு நின்றேன். நீளமான நடைவழி, ட்ரொலிச் சில்லு ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது. ஒப்பரேஷன் தியேட்டர் கதவடியில் அம்மா தலையைத் தூக்கினார். கிறுகிப் பார்த்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்.