தலைமாட்டுப் பக்கம் உங்கள் தையல்

மதினி,

இன்று காலை பஞ்சு விரிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாம் வரிசையில் விரலுக்கடியில் ஏதோ உருண்டது. பருத்திக் கொட்டை. நீங்கள் இருந்திருந்தால் நான் தப்பித்திருக்க முடியாது. "ஒரு கொட்டை கெடந்தாலும் பிள்ளை முதுகுல உறுத்தும், பாத்துத் திணி" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர் நீங்கள். திணித்தவள் நான்.

உங்கள் மகள் கௌசி முதல்முறை உண்டாகியிருந்தபோது நாம் இருவரும் ஆரம்பித்தோமே, அந்த விரிப்புத்தான். கட்டம் கட்டமாக மூன்று பக்கம் மிஷினில் தைத்துத் தள்ளிவிடுவீர்கள். வாய் திறந்து கிடக்கும் அந்தச் சின்னப் பைகளில் அண்ணனுடைய பரளச்சிப் புஞ்சையில் விளைந்த பஞ்சைத் திணிப்பது என் வேலை. நரிக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து உங்களிடம் திட்டு வாங்கினேன். "இட்லி மாதிரி இருக்கணும்த்தா, போண்டா மாதிரி ஆக்கிறாத" என்பீர்கள். இந்த ஊர் வெக்கைக்கு மெத்தையா என்று கேட்டேன். "போத்துறதுக்கா தைக்கிறேன்? சிமிண்டுத் தரை பிள்ளைக்கு வலிக்காதா?" என்றீர்கள்.

வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்று தெருவே சொன்னது. நீங்கள் காதில் வாங்கவில்லை. "பெறந்த பெறகு ஒக்காந்தா, நான் முடிக்கிறதுக்குள்ள அது பள்ளிக்கூடம் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தீர்கள். பாதி முடிந்திருந்தது. ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை தங்காமல் போயிற்று.

டாக்டர் காரணம் சொன்னார். அது உங்கள் காதில் ஏறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி "அப்பவே சொன்னோம்ல" என்றாள். அதுதான் ஏறியது. அவளை நான் வாசலோடு அனுப்பிவைத்தேன். ஆனால் அவள் சொன்னது வீட்டுக்குள் தங்கிவிட்டது.

விரிப்பை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தீர்கள். சின்னப் பிள்ளைத் துணி என்று யாராவது வந்தால் "அது எனக்கு வராது" என்று திருப்பி அனுப்பினீர்கள். வராதாம். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "கௌசி மனசுக்குள்ள என்னையத்தான் குத்தம் நெனச்சிருப்பாளோ?"

"அவகிட்டயே கேளுங்க மதினி" என்றேன்.

"எந்த மொகத்த வச்சுக் கேப்பேன்?"

கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது கௌசிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அண்ணனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக்கொள்ளத் தாய் இல்லை என்பதால் நான் வந்து இருக்கிறேன். வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிப் பக்கம் அவளைப் போகவிடாமல் காவல் காத்தேன். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதானே போட வேண்டும்? உங்கள் நூல் சேலை ஏதாவது கிடைக்குமா என்று அவளாகவே பெட்டியைத் திறந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் விரிப்பு அவள் மடியில் இருந்தது.

"இது அன்னைக்கு அம்மா தைச்சதுதான அத்தை? ஏன் பாதியில கெடக்கு?"

மழுப்பத் தெரியாமல் உள்ளதையெல்லாம் சொல்லிவிட்டேன், பஸ்ஸில் நீங்கள் கேட்டது உட்பட. அவள் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒருநாளும் அப்படி நெனைக்கல அத்தை. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே இதக் கேக்கணும்னு இருந்தேன், பக்கத்துல வச்சுப் படுத்துக்கிறதுக்கு. கேட்டா அம்மா அழுவாகன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, மதினி. ஒருத்தி அழுவாள் என்று இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறீர்கள். அழுதுவிட்டுத்தான் போகட்டுமே, அதனால் என்ன?

மீதியை நான்தான் தைக்க வேண்டும் என்று கௌசி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அண்ணன் யாரும் கேட்காமலேயே பருத்தியை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கொட்டை நீக்க உட்கார்ந்தார். என் தையல்தான் உங்களுக்குத் தெரியுமே, மாடு மூத்திரம் பெய்துகொண்டே போன மாதிரி என்பீர்கள். அப்படியேதான் வந்திருக்கிறது. உங்கள் கட்டங்கள் இட்லி, என்னுடையவை போண்டா.

காலையில் கண்ட கொட்டையை எடுக்க உங்கள் தையலை இரண்டு விரல் அகலம் பிரிக்க வேண்டியிருந்தது. எனக்குக் கை வரவில்லை. கௌசிதான் பிரித்தாள். "அம்மா இருந்தா அவுகளே பிரிச்சிருப்பாக" என்றாள். பிறகு விரிப்பைத் தரையில் போட்டு, உங்கள் பாதி தலைமாட்டிலும் என் பாதி கால்மாட்டிலும் வரும்படி திருப்பிப் பிள்ளையைப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை நனைத்துவிட்டது. நனைந்தது என் பாதி. அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்த வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

பஸ்ஸில் நீங்கள் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை என்பதால் நான்தான் அதை வைத்துக்கொண்டு திரிகிறேன். எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இல்லை மதினி. அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.