பத்தாம் நம்பர் பூட்ஸ்

ஸ்கெல்பி
பிப்ரவரி 3

நெவில்,

நலமா என்று கேட்டால் நீ படகின் நலத்தைத்தான் எழுதுவாய். அதனால் உன் தங்கை பெரிலிடமே கேட்டுக்கொண்டேன். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறாயாமே.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒருவர் மட்டும் வசித்தால் வீட்டு வரியில் தரும் தனியாள் சலுகையைக் கவுன்சில் எனக்கு ரத்து செய்துவிட்டது. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களாம். இரண்டாவது ஆள் என் கணவனாகிய நீ. நீ குடியிருக்கும் படகுக்கு விலாசம் கிடையாது என்று உன் பாங்குக் கடிதமும் ஆஸ்பத்திரிக் கடிதமும் இங்கேதான் வருகின்றன. போனால் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞனை விசாரிக்க அனுப்பினார்கள். நேராகப் பின்வாசலுக்குப் போனான்.

"இந்த பூட்ஸ் யாருதுங்க?"

"திருடனுக்கு."

"திருடனோடதா?"

"இல்லப்பா, திருடனுக்குக் காட்டறதுக்கு. உள்ள ஆம்பள இருக்கான்னு நெனச்சுக்கட்டும்னு."

"ஓ, சரிங்க" என்று எழுதிக்கொண்டான். என்ன எழுதினானோ, பத்தாம் நாள் ரத்து என்று கடிதம் வந்துவிட்டது.

பணம்கூட ஒருபுறம் இருக்கட்டும். நீ போன இந்த நான்கு வருடமாகக் குப்பைத்தொட்டியை நான்தான் தெருவுக்கு இழுக்கிறேன், கூரை ஒழுகினால் நான்தான் ஏணி ஏறுகிறேன். நான் தனியாக வாழவில்லை என்று யாரோ ஒருவன் எழுதிவிட்டுப் போவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேல்முறையீடு செய்யப்போகிறேன். நீ எப்போது போனாய், எங்கே இருக்கிறாய், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஜானிஸ்

•

மார்டன் படகுத்துறை
பிப்ரவரி 15

அன்புள்ள ஜானிஸ்,

உன் கடிதத்தைத் துறைக்கடைக்காரர் பத்திரமாக வைத்திருந்தார். படகை ஒரே கரையில் பதினான்கு நாளுக்கு மேல் கட்டக் கூடாது என்பது கால்வாய்ச் சட்டம். சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர இவ்வளவு நாளாகிவிட்டது.

நீ கேட்ட வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போன வாரம் மதகுக் கதவில் படகை மோதிவிட்டேன். பின்னால் வந்த படகிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "யோவ் பெருசு, கண்ண வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சின்னக் கேள்வி. என் பூட்ஸை நான் எடுத்துக்கொண்டுதானே வந்தேன்? பின்வாசலில் இருப்பது யாருடையது?

நெவில்

•

ஸ்கெல்பி
பிப்ரவரி 22

நெவில்,

அது யாருடையதும் இல்லை. போன குளிர்காலத்தில் யாரோ பின்கதவை அசைத்துப் பார்த்தார்கள். "ஒரு ஜோடி ஆம்பள பூட்ஸ வாங்கி வாசல்ல போடு, சேத்தோட இருக்கட்டும்" என்று பக்கத்து வீட்டு மாவிஸ் சொன்னாள். பழைய சாமான் கடையில் வாங்கினேன். பத்தாம் நம்பர். உன் எட்டாம் நம்பரைப் பார்த்து எந்தத் திருடனும் பயப்பட மாட்டான்.

வாக்குமூலம் அழகாக இருக்கிறது. இன்ஜினைப் பற்றியே அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கடைசி வரியை, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதைத்தான் காணோம். கவுன்சிலுக்குப் போன் செய்தேன். "அந்த வரி இல்லேன்னா அவர் ஊருக்குப் போயிருக்கார்னுதான்மா எடுத்துப்பாங்க" என்றாள் அங்கிருந்த பெண். கடிதங்கள் இங்கே வரலாமாம், அதில் தப்பில்லையாம். ஆள் எங்கே வாழ்கிறான் என்பதுதான் கணக்காம்.

ஆக ஆஸ்பத்திரியைச் சாக்குச் சொல்லாதே. கவுன்சிலின் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மார்ச் கடைசிக்குள் வேண்டும்.

ஜானிஸ்

•

மார்டன் படகுத்துறை
மார்ச் 6

அன்புள்ள ஜானிஸ்,

மறக்கவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பொய் சொன்னால் தண்டனை என்று அந்தப் படிவத்தின் அடியிலேயே போட்டிருக்கிறது. அதனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எண்ணம் உண்டா இல்லையா என்று யோசித்தேன்.

ஒரு கோடைகாலம் மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பிறகு இன்னொன்று. அதன்பின் என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று தெரியவில்லை. வீட்டுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இங்கே எல்லாரும் சாவியில் ஒரு தக்கையைக் கட்டிவைப்போம், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். படகுச் சாவிக்குக் கட்டுவதற்கு முன்னால் நான் வீட்டுச் சாவிக்குத்தான் கட்டினேன்.

வராதே என்று நீ ஒரு வார்த்தை சொல். அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுகிறேன்.

நெவில்

•

ஸ்கெல்பி
மார்ச் 14

அன்புள்ள நெவில்,

அதையும் நானே சொல்ல வேண்டும் உனக்கு!

முதல் வருடம் சொல்லியிருக்க மாட்டேன். நீ தின்னும் கசப்பு ஆரஞ்சு ஜாமை வாங்கி வைத்தேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மழை பெய்தால் வந்துவிடுவாய் என்று முன்னறை விளக்கை அணைக்காமல் விடுவேன். ரொம்ப அழுதேன். பெரிலுக்குக்கூடத் தெரியாது. பிறகு ஒருநாள் ஜாம் வாங்க மறந்துபோனேன். இப்போது கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்குகிறேன், வானொலியைச் சத்தமாக வைக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது, நெவில். உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, தீர்ந்துவிட்டது.

வராதே.

சொல்லிவிட்டேன். இப்போது எழுது.

ஜானிஸ்

•

மார்டன் படகுத்துறை
மார்ச் 21

ஜானிஸ்,

எழுதிவிட்டேன். இந்த முறை நான்கே வரிகள், இன்ஜின் இல்லை.

சாவியையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். தக்கையைக் கழற்றித்தான் அனுப்ப நினைத்தேன். முடிச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியே வருகிறது.

நெவில்

•

ஸ்கெல்பி
மே 9

அன்புள்ள நெவில்,

ஜெயித்துவிட்டேன். இந்த வீட்டில் வசிப்பவர் ஒருவரே என்று கவுன்சில் எழுதியிருக்கிறது. மாவிஸிடம் காட்டினேன். "இதுக்கா இவ்ளோ கூத்து? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!" என்றாள். உன் நான்கு வரிகளுக்கு நன்றி. எழுதுவது சுலபமாக இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது, இத்துடன் இருக்கிறது. ஜூன் 14, காலை ஒன்பது மணிக்கு. ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி துணைக்கு ஒரு ஆள் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். கண்ணைக் கட்டிக்கொண்டு நீ படகில் ஏறினால் சாவி மிதக்கும், நீ மிதக்க மாட்டாய். பெரிலின் வீட்டிலோ மாடிப்படி செங்குத்து. இங்கே வா. முன்னறையில் படுக்கை போடுகிறேன்.

கவுன்சில் பெண்ணிடம் கேட்டும்விட்டேன். "ஒரு ராத்திரி விருந்தாளி வந்தா எழுதித் தரணுமா?" என்றேன். சிரித்தாள். "விருந்தாளிக்கெல்லாம் வேண்டாம்மா."

ஜாம் வாங்கி வைக்கிறேன். பூட்ஸ் பின்வாசலில் அப்படியே இருக்கும், தடுக்கி விழாதே. முன்பக்கமாக வா. வந்ததும் கதவைத் தட்டு, நான் வந்து திறக்கிறேன்.

ஜானிஸ்