சன்னல் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்
மகள் விட்டுப்போன பிரிண்டரில் இன்று சின்ன வயதில் அக்காவும் நானும் படுத்த அறையை அச்சடித்துப் பார்த்தேன். அப்பா எடுத்த போட்டோக்கள். அந்த வீட்டை விற்றதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. அவளுடைய பிறந்தநாளுக்குக் காகிதத்தில் அந்த அறையைச் செய்து அனுப்பப் போகிறேன். "போன் பண்றத விட இது சுலபமா?" என்கிறார் இவர். சுலபம்தான். காகிதம் திருப்பித் திட்டாது.

மார்ச் 5
சாதாரணத் தாள் தொய்கிறது. கெட்டி அட்டை வைத்தால் பிரிண்டர் பாதி விழுங்கிவிட்டுக் கத்துகிறது. மை காய்வதற்குள் தொட்டு ஒரு சுவர் பாழ். பொறுமையாம் பொறுமை!

மார்ச் 8, ஞாயிறு
கொஞ்சம் மெல்லிய அட்டை சிக்காமல் போகிறது. ஒரே அட்டையில் மூன்று சுவர். முன்பக்கம் வெளிச்சுவர்கள், பின்பக்கம் உள்சுவர்கள். அட்டையைத் திருப்பினால் இடம் வலமாகிவிடுமே என்று உள்சுவர்களை மாற்றி வைத்து அச்சடித்தேன். என் மூளையே மூளை! மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்தி மடித்தால் மூலை கச்சிதமாக நிற்கிறது.

கட்டில்களைத் தனியாக மடித்துத் தரையில் ஒட்டினேன். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். சன்னல் அவள் பக்கம். அதற்காக எத்தனை சண்டை! "பெரியவளுக்குத்தான்" என்று அம்மா முடித்துவிடுவாள். மழை வந்தால் மட்டும் அக்கா என்னைத் தன் கட்டிலுக்குக் கூப்பிடுவாள். ஒரே போர்வை, முகத்தில் சாரல். ஐயோ, எவ்வளவு நல்லா இருந்துச்சு.

மார்ச் 9
பார்சல் போயாச்சு.

மார்ச் 13
ஒரு வார்த்தை இல்லை. என்ன கொழுப்பு அவளுக்கு!

மார்ச் 14, சனி
போன். ஹலோ கூடக் கிடையாது.
"ஏண்டி, வீட்டத்தான் விக்க வச்ச. இப்ப என் சன்னலையும் எடுத்துக்கிட்டியா?"
"என்னக்கா சொல்ற?"
"உன் கட்டிலுக்கு மேல இருக்கு சன்னல்! என் தலைக்கு மேல அலமாரி! அவசரக்குடுக்கை, ஒட்டுறதுக்கு முன்னாடி பாக்க மாட்டியா?"
அட கடவுளே. உள்சுவர்களை இடம் வலம் மாற்றி அச்சடித்திருக்கவே வேண்டாம். சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
"நான் வர்றேன். நீ எதையும் தொடாத."

மார்ச் 22, ஞாயிறு
வந்தாள். பிரிண்டரை என்னை நெருங்கவே விடவில்லை. அவளே அட்டை வைத்து, அவளே மடித்து, சரியான அறை ஒன்றைச் செய்து தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கிளம்பும்போது நான் அனுப்பிய தப்பான அறையைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத நீயே வச்சுக்க. இதுல சன்னல் உன்னோடது."

கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மழை வந்தால் அவளைக் கூப்பிட வேண்டும்.