காலி அட்டை

ஜனவரி 20, செவ்வாய்

செங்கேணி அக்கா வீட்டில் இன்று கத்திவிட்டேன். போன வாரம் கொடுத்த ஏழு சர்க்கரை மாத்திரையில் ஐந்து அட்டையிலேயே இருந்தது. இரண்டு மாதமாக இதே கதை. புது அட்டை கொடுத்து, "அடுத்த செவ்வாய் எண்ணுவேன். ஒண்ணு மீந்தாலும் மாத்திரை லிஸ்ட்லேருந்து உன் பேரை எடுத்துடுவேன்" என்றேன். தலையாட்டினாள்.

ஜனவரி 22

சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். உட்கார நேரமில்லை. அக்காவிடம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? கத்தினால்தான் கேட்கிறார்கள், என்ன செய்ய?

ஜனவரி 27, செவ்வாய்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். அட்டை காலி. "பாத்தியா, முடியுதில்ல?" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். எவ்வளவு பெருமை எனக்கு!

பதினொன்றரைக்கு அவள் புருஷன் வேதகிரி அவளை வண்டியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். நடவு வயலில் விழுந்துவிட்டாளாம். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. சர்க்கரை 38. டாக்டர் முகாமில் இருந்தார். போனில் கேட்டு குளுக்கோஸ் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் கண் திறந்தாள். இட்லி சாப்பிட்டாள்.

"வெறும் வயிறு, அதான். வூட்டுக்கு இட்டுகினு போறேன்" என்றார் வேதகிரி. டாக்டரும் தெளிந்துவிட்டால் அனுப்பலாம் என்றார். குளுக்கோஸ் ஊசியைக் கழற்றப் போனவள் நின்றேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. அரை மணி இருக்கட்டும் என்றேன்.

அரை மணி கழித்து 51. நாலு இட்லி தின்ற பிறகும்!

"என்ன சாப்பிட்டே? உண்மையைச் சொல்லு" என்று அதட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு என்னைக் கண்டு பயம். அது அப்போதுதான் உறைத்தது. வேதகிரியை வெளியே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "திட்ட மாட்டேங்க்கா. சத்தியமா."

"எண்ணுவேன்னியே. அஞ்சி மீந்துச்சி. காலையில ஒண்ணா முயுங்கிட்டேன்."

"தூக்கிப் போட்டிருக்கலாமே அக்கா."

"சர்க்கார் மருந்தாச்சே. எறியலாமா?"

ஐந்தும் ஒன்றாக. இந்த மாத்திரை விடிய விடிய வேலை செய்யும். எத்தனை ஏற்றினாலும் சர்க்கரை மறுபடி இறங்கும். வீட்டுக்குப் போயிருந்தால் அசதியில் தூங்குகிறாள் என்றே விட்டிருப்பார்கள். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரை நானே கூடப் போனேன்.

ஜனவரி 28

விடியற்காலை மூன்று மணிக்கு 42-க்கு இறங்கியதாம். உடனே குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள். இருக்கிறாள். இருக்கிறாள்.

ஜனவரி 30

பதிவேட்டில் 'நோயாளியின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார் டாக்டர். நடந்ததை நடந்தபடி எழுதினேன், நான் மிரட்டியதையும் சேர்த்து. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். மாத்திரை ஏன் மீந்தது என்று கேட்டேன்.

"நடவுக்கு வெள்ளன வெறும் வயித்தோட போவேன். அன்னிக்கி போட்டா கை ஒதறும், கண்ணு இருட்டும். அதான் வுட்டுடுவேன். வூட்ல கீற நாளு சாப்ட்டுட்டுப் போட்டுக்குவேன்."

அவள் விட்டதெல்லாம் சரி. நான் போட வைத்ததுதான் தப்பு. பத்து வருஷ வேலையில் எனக்குத் தோன்றாதது அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

"இதை ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்டே நர்சம்மா? எண்ணிட்டுப் பூடுவே."

ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.