பள்ளத்துக்குப் பன்னிரண்டு பேர், என் தம்பிக்கு ஆறு பேர்

அனுப்புநர்
வெர்லீன் ஹாட்ஜ்கிஸ்,
தூண்டில் இரைக் கடை,
படகுத்துறைச் சாலை,
சாண்டர்லி, ஃபிளாரிடா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நீதித்துறைக் குழு,
மாநிலச் சட்டமன்றம்.

பொருள்: குற்ற வழக்குகளில் ஜூரிகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டாக உயர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி டோயல் பெட்ரோல் நிலையத்தில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்ததாகச் சென்ற ஆண்டு வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கு. முதல் நாள், தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்கள் உட்காரும் ஜூரிக் கூண்டில் பாதி நாற்காலிகள் காலி. மழையில் சாலை அடைபட்டு மற்றவர்கள் தாமதமாகிறார்கள் என்று நம்பி, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கறிஞர்தான் குனிந்து, "இனி யாரும் வர மாட்டாங்க மேடம். மரண தண்டனை வர்ற வழக்குக்குத்தான் பன்னெண்டு பேர். உங்க தம்பிக்கு ஆறுதான்" என்றார்.

2. ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு இல்லை; ஆனால் கடைசி நாள் அந்த ஆறு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஒருமனதாகக் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். ஆயுள் தண்டனை. அந்த ஆறு பேரில் ஒரு பெண்மணி பிறகு என் கடைக்கு வந்து அழுதார். பெயரை எழுத மாட்டேன். அவரும் இந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும். "அந்தச் சாட்சியை நான் நம்பவேயில்ல வெர்லீன். ஆனா அஞ்சு பேரும் என்னையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் பக்கம் இன்னும் ஒரே ஒருத்தர் இருந்திருந்தா அசைஞ்சிருக்க மாட்டேன்" என்றார். ஜூரிகள் கூடிப் பேசும் அறைக்குள் நடந்ததை மேல்முறையீட்டில் சொல்ல இடமில்லையாம்.

3. இதைவிடக் குமட்டலான ஒன்று உண்டு. இந்த ஜனவரியில், சாலையை அகலப்படுத்த என் கடைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை அரசு கேட்டது. கொசுவையும் தவளையையும் தவிர அதில் எதுவும் கிடையாது. அதற்கு என்ன ஈடு தருவது என்று தீர்மானிக்க அதே நீதிமன்றம், அதே கூண்டு. ஆனால் பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. நிலம் எடுக்கும் வழக்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று நம் மாநிலச் சட்டமே சொல்கிறதாம். ஓரத்து ஓக் மரத்தின் நிழலையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர்கள் நீதிபதியிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. நீதிமன்றம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

4. வேறொரு பிழைக்காக மேல் நீதிமன்றம் டோயலின் தீர்ப்பை ரத்து செய்துள்ளது. அக்டோபரில் மறுவிசாரணை. மறுபடியும் ஆறு பேர்தான். பன்னிரண்டு பேராக்கும் மசோதா தங்கள் குழுவில் தூங்குகிறது. செலவு கூடும் என்று தாங்கள் சொன்னதாகச் செய்தியில் கேட்டேன். ஐயா, நாற்காலிகள் ஏற்கெனவே கிடக்கின்றன.

ஆகவே அந்த மசோதாவை இந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். செலவுதான் தடை என்றால், பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஈடு வேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேரை மட்டும் அக்டோபரில் என் தம்பிக்கு அனுப்பி வையுங்கள்.

இடம்: சாண்டர்லி
நாள்: 11.03.2019

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வெர்லீன் ஹாட்ஜ்கிஸ்