ஐந்தாவது பரிமாறுபவர்

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். அடுத்த மாதம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். அவர் அதைச் சொல்லும் விதம்தான் பயமாக இருக்கிறது. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போயேன். உன் பழைய அறையில் என் ஆபீஸ் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நகர்த்திவிடலாம்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும். மனதாரச் சொல்கிறேன். ஆனால் வரமாட்டேன். "அந்த மண்டபத்து வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடியே என் கல்யாணத்துக்கு வராமல் இருந்தவர். பெற்ற மகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மனம் வராத மனுஷன். நம் வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று அன்று நானும் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாகக் காப்பாற்றி வருகிறேன். நானும் அவர் மகள்தானே.

உன் புது வேலை எப்படி?

சின்னு

மார்ச் 19

அன்புள்ள சின்னு,

வேலையைக் கேட்டாயே, சொல்கிறேன். வீடியோவில் இருக்கும் ஒவ்வொருவரையும் சுற்றி மென்பொருள் ஒரு கட்டம் போடும். நிற்கிறார், நடக்கிறார், பரிமாறுகிறார் என்று எழுதும். தப்பாக எழுதினால் நான் திருத்த வேண்டும். சோதித்துப் பார்க்க மங்கலான பழைய வீடியோ கேட்டார்கள். உன் கல்யாண கேசட்டைக் கொடுத்தேன். நீ எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறாய். நான் விடாமல் உன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருக்கிறேன், நீ தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறாய்.

பரிமாறுபவர்கள் ஐந்து பேர் என்று எழுதியிருந்தது. கல்யாணத்துக்கு நான் சொல்லிவைத்தது நாலு பேர். கையில் தண்ணீர் ஜக் இருந்தால் போதும், அதற்கு எல்லோரும் பரிமாறுபவர்தான். சிரித்துக்கொண்டே அந்த ஐந்தாவது கட்டத்தின் பின்னால் போனேன். முகம் ஒரு இடத்திலும் தெரியவில்லை. முதுகு மட்டும், வலது தோள் சரிந்த நடை. டம்ளரை நீட்டும் முன் கையைச் சட்டையின் பின்பக்கத்தில் துடைத்துக்கொள்கிறார்.

அப்படித் துடைப்பவர் நமக்குத் தெரிந்து ஒரே ஒருவர்.

நாற்பது நிமிடம் அங்கே இருந்திருக்கிறார். நீ திரும்பாமலே கையை நீட்டித் தண்ணீர் வாங்குகிறாய். வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை இறக்கவில்லை.

"பரிமாற ஆள் பத்தலன்னாங்க."

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னீங்களே?"

"மிதிக்கலையே. சமையக்கட்டு வழியாத்தான போனேன்."

"இத்தன வருஷமா ஏம்ப்பா சொல்லல?"

"யாராவது கேட்டாத்தான?"

திருத்தலாம் என்று பார்த்தால், மென்பொருளின் பட்டியலில் 'விருந்தினர்' என்ற இன்னொரு சொல்தான் இருந்தது. பரிமாறுபவர் என்றே விட்டுவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். பலமுறை. அந்த டம்ளர் எனக்கு நினைவிருக்கிறது. வீடியோக்காரர் விளக்குச் சூட்டில் தொண்டை வறண்டுபோயிருந்தது. "அண்ணே, இன்னொண்ணு குடுங்க" என்றேன். கொண்டுவந்து கொடுத்தார். பெற்ற அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே. நானும் சொன்ன சொல் மாறக்கூடாது. சமையலறைப் பின்கதவைத் தாழ் போடாமல் வை.

சின்னு